பழைய ஜீப்பு வண்டிகளின் மின்சாரக் கோளாறுகள்

1940-களின் இறுதியில் உறுப்புகளாகக் கப்பலில் வந்திறங்கிப் பம்பாயில் பொருத்தப்பட்டு ஜீப்பு வண்டிகள் விற்பனைக்கு வந்த நாள்தொட்டு, மாட்டு வண்டிப் பாட்டையிலும் செல்லவல்ல மோட்டார் என்னும் காரணத்தால், அவ்வினத்தைச் சேர்ந்த வண்டிகள் நிலமுடையோர் வீடுகளில் தனி இடம் பெற்று வந்திருக்கின்றன. 1994-இல் வெளிவந்த சுமோவும், 2000-இல் வெளிவந்த பொலீரோவும் அவ்வரிசையைச் சேர்ந்தவையே. இன்று கிராமங்களில் ஓடும் இவ்வண்டிகளில் அநேகம் பதினைந்து வயதைக் கடந்தவை. சொந்த உபயோகத்திற்கான வண்டி பதினைந்து ஆண்டுகள் நிரம்பியபின், சோதனைக்கு உட்படுத்தப்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவு புதுப்பிக்கப்படலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே யந்திரம் உறுதியாயுள்ளவரை வண்டியைக் கைவிட வேண்டிய அவசியம் உடையவருக்கு இல்லை. நடைமுறையில் நிகழ்வதோ வேறு. யந்திரத்தில் யாதொரு குறையுமின்றியே, ‘வயரிங் போய்விட்டது’ என்ற ஒரே சொல்லின்மேல் வண்டி அற்ப விலைக்குத் தள்ளப்படுகிறது. இன்றேல், ஓராண்டிற்குள் இரண்டு பேட்டரியும், ஒரு செல்ப் மோட்டாரும், ஓர் ஆல்டர்னேட்டரும் வாங்கிப் பூட்டிய பின்னரும், அறுவடை நாளன்று விடியற்காலையில் நான்கு ஆட்கள் பின்நின்று தள்ளும் காட்சி மாறுவதில்லை.

இச்செலவில் பெரும்பகுதி வீண் செலவு. பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகள் பெரும்பாலும் விலையுயர்ந்த உறுப்புகளில் தோன்றுவன அல்ல. அவ்வுறுப்புகளைச் சேர்க்கும் இணைப்புகளிலே தோன்றுவன. கடைமடை வயல் காய்ந்தால், அனுபவமுள்ள குடியானவர் உடனே புதுப் பம்பு வாங்க ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் இட்டு, மதகிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, எங்கே கரை உடைந்தது, எங்கே கோரை அடைத்தது என்று பார்த்துக்கொண்டு வருவார். அதே குடியானவர் வண்டி கிளம்பவில்லையென்றால் மாத்திரம், வாய்க்காலைப் பாராமல் பம்பை மாற்றச் சம்மதித்துவிடுகிறார். மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாதது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கூறுவதற்கில்லை.

மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் ஒரு பேதம் உண்டு. தண்ணீர் வயலைச் சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. மின்சாரமோ பேட்டரியின் ஒரு முனையினின்று புறப்பட்டு, வேலையைச் செய்து, மறு முனைக்குத் திரும்பியாக வேண்டும். ஜீப்பு வண்டிகளில் இத்திரும்பு வழி தனிக் கம்பியன்று. வண்டியின் இரும்புச் சட்டமே அவ்வழி. இதனையே எர்த் என்பர். போகும் வழியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகின்றனர். திரும்பும் வழியைப் பற்றிக் கவலைப்படுவோர் அரியர்.

செல்ப் மோட்டார் ஒரு டீசல் யந்திரத்தைச் சுழற்றும்போது 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். துருவினாலோ தளர்ச்சியினாலோ ஓர் இணைப்பில் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதாகக் கொள்வோமாயின், அந்த ஓரிடத்திலேயே 2 வோல்ட் அழுத்தம் வீணாகிவிடும். மோட்டாருக்கு எஞ்சும் அழுத்தம் அதனைச் சுழற்றப் போதாமல், ‘டக்’ என்ற ஓசையோடு நின்றுவிடும். அதே இணைப்பின் வழியே 2 ஆம்பியர் மட்டும் இழுக்கும் சிறு விளக்கை எரித்தால், வீணாகும் அழுத்தம் வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கே. விளக்கு குறைவின்றி எரியும். ‘விளக்கு எரிகிறது, ஆகையால் பேட்டரியும் வயரும் நன்றாயுள்ளன, செல்ப் மோட்டார்தான் போய்விட்டது’ என்னும் தீர்ப்பு இவ்விதமே பிறக்கிறது. நல்ல மோட்டார் கழற்றப்பட்டுப் புது மோட்டார் பூட்டப்படுகிறது. பூட்டுகையில் இணைப்புகள் தற்செயலாகச் சற்றுத் தேய்ந்து சுத்தமாவதால், வண்டி சில வாரம் ஓடவும் செய்யும். அதனால் தவறான தீர்ப்பு சரியானதென்றே நிலைபெற்றுவிடுகிறது.

இவ்வகையில் மிகுந்த தொல்லை விளைப்பது, யந்திரத்தையும் சட்டத்தையும் சேர்க்கும் பின்னற்பட்டையாகும். யந்திரம் ரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்திருப்பதால், சட்டத்தோடு அதற்கு மின்சாரத் தொடர்பு தானாக அமைவதில்லை, இப்பட்டையே அத்தொடர்பு. சேறும் எண்ணெயும் படிந்து, இழை இழையாக அறுந்து, ஒரு நாள் இது முற்றும் விட்டுப்போகும். அப்போது மின்சாரம் சும்மா இராது. வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர்க் கம்பியின் வழியே அது திரும்பி, அக்கம்பி சுட்டுப் புகைவதுமுண்டு. கால்மிதிக் கம்பி புகைகிறதென்று கண்டு அதனை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பப்படும் வண்டி, மறுபடியும் அதே நோயோடு திரும்பும். வண்டியிலுள்ள உறுப்புகளுள் மிக மலிவானவற்றில் ஒன்று இப்பட்டை.

குடியானவர் வண்டிக்கென்றே சில தனிக் காரணங்களும் உள. வண்டியின் பின்புறம் உர மூட்டை ஏற்றுவது எங்கும் வழக்கம். சிந்திய பொட்டாஷும் யூரியாவும் காற்றின் ஈரத்தை வாங்கிக் கசிந்து, தரைத் தகட்டின் அடியிற் செல்லும் வயர் இணைப்புகளை அரிக்கின்றன. கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்றும் இதற்குத் துணை. வைக்கோற்போரின் அருகே நிறுத்தப்படும் வண்டியில் எலி குடிபுகுந்து வயரைக் கடிப்பதும் அடிக்கடி நேர்வது. வாரக்கணக்கில் எடுக்கப்படாத வண்டியில் இது அதிகம். நெல்லுக்கு எலிப்பொறி வைப்பவர்கள் வண்டிக்கொட்டகையில் ஒன்று வைப்பதில்லை.

ஊகித்து உறுப்பு மாற்றுவதற்குப் பதிலாக அளந்து பார்ப்பதே வழி. மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் பாதி தீர்ந்தது; 12-க்குக் கீழ் இறங்கினால் ஏறத்தாழ வெறுமை. யந்திரம் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. அதன்மேற் பழி சுமத்த இடமில்லை. இதன்பின் முக்கியமான சோதனை ஒன்று உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை யந்திரத்தின் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். மோட்டார் இழுக்கும்போது கால் வோல்ட்டுக்கு உட்பட்டே காட்ட வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் திரும்பு வழி கெட்டிருக்கிறது. ஒரு பைசாவுக்கும் புது உறுப்பு வாங்காமல் அதனைச் செப்பனிடுக.

நிறுத்திய வண்டி நாலைந்து நாளில் பேட்டரியை இழப்பதும் ஒரு பொதுக் குறை. சாவியை எடுத்தபின்னும் அரை ஆம்பியர் கசியுமானால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஆறாம் நாள் தாங்காது. பின்னர் சேர்க்கப்பட்ட வானொலிப் பெட்டியையோ விளக்கையோ முதலிற் சந்தேகிப்பது தகும்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்றுவிடுவது இவை எல்லாவற்றினும் அபாயகரமானது. பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும் காயிலும், பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியும், பிளக் வயர்களும் மழையீரத்தில் கசிந்து பொறியை இழக்கின்றன. டீசல் வண்டியில் பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆயினும் பல டீசல் வண்டிகளில் எண்ணெய்ப் பம்பின் அடைப்பைத் திறந்து வைப்பது சாவி சுவிட்சின் வழியே வரும் மின்சாரமே. சுவிட்சின் உட்பட்டைகள் தேய்ந்து ஒரு கணம் தொடர்பு விட்டால் யந்திரம் அணைந்துவிடும். வீட்டுச் சாவி, களஞ்சியச் சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்திற் கோத்து வண்டிச் சாவியில் தொங்கவிடுவது கௌரவமாகத் தோன்றலாம். மேடு பள்ளத்தில் அச்சுமை ஆடி ஆடிச் சுவிட்சைக் கெடுக்கிறது. 2014-இல் உலகெங்கும் கிராண்ட் செரோக்கி, கமாண்டர் என்னும் ஜீப்பு வகைகளில் ஏறத்தாழ 7,90,000 வண்டிகள், ஓட்டுநரின் முழங்கால் சாவியிற் பட்டுச் சுவிட்சு நிலைமாறி யந்திரம் அணையக்கூடும் என்ற காரணத்திற்காகவே திருத்தத்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டன. யந்திரம் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணைவிசை தீரும். பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை நள்ளிரவில் ஏற்றிச்செல்லும் வண்டி பாலத்தின்மேல் அவ்வாறு நிற்குமாயின், அது வெறும் ரிப்பேர்ச் செலவைப் பற்றிய விஷயமாக இராது.

சூடேறியதும் நின்று, அரைமணி ஆறியபின் ஒன்றுமறியாததுபோல் கிளம்பும் வண்டிகளும் உள. பிற்கால வண்டிகளில் யந்திரத் தண்டின் சுழற்சியை அறிவிக்கும் உணரி என்னும் சிற்றுறுப்பு, சூட்டிற் கெட்டு, குளிர்ந்ததும் உயிர்பெறுவது இதற்கு ஒரு பொதுவான காரணம். பட்டறையைச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுவதால் மெக்கானிக்குக்குக் குறை தென்படாது. எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் ஓடியபின், மழையிலா வெயிலிலா நின்றது என்று ஒரு தாளிற் குறித்துக் கொடுப்பது, அவருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மன்னிக்கத்தகாத வழக்கம் ஒன்று எஞ்சியுள்ளது. பியூஸ் எரிந்தால், எரிந்த காரணத்தைத் தேடாமல், செம்புக் கம்பியையோ சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளையோ அவ்விடத்திற் செருகுவது. பியூஸ் என்பது வரப்பில் வைத்த கலிங்கு; வெள்ளம் மிகும்போது அதுவே முதலில் வழிவிட வேண்டும். அதை அடைத்தால் கரை உடையும். முன்பக்கம் 100 வாட்டு விளக்குகள் இரண்டைப் பூட்டினால் அவை 17 ஆம்பியர் அளவு இழுக்கின்றன. இவற்றை ரிலேயும் பியூசும் இன்றிப் பழைய சுவிட்சின் மெல்லிய கம்பியில் சேர்த்தால் கம்பி சுடும். மின்னோட்டம் இருமடங்கானால் அதே கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்கு. பதினைந்து ஆண்டு யந்திரச் சூட்டில் வெந்து வெடித்த மேலுறையும், அருகில் டீசல் குழாயும், பின்னே ஏற்றிய வைக்கோலும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இருபது ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்து இந்த அபாயத்தை வாங்குவது சிக்கனமன்று.

பட்டறைக்காரரை மாத்திரம் குறை கூறுவதும் நியாயமாகாது. ‘இப்போதே ஓட வேண்டும், நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிற்பவர் வண்டியுடையவரே. அந்த நாளை வருவதில்லை. கோளாறைத் தேடிய நேரத்திற்குக் கூலி கொடுக்க மனமில்லாமல், புது உறுப்புக்கு மட்டும் பணம் கொடுக்கும் வழக்கமும் அவரை உறுப்பு மாற்றத் தூண்டுகிறது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு போல்ட்டைத் துடைத்து முடுக்கியவருக்கு, ஒரு மோட்டார் மாற்றியவருக்குரிய கூலியைக் கொடுப்பதே முறை.

அரசாங்க வண்டிகளில் பதினைந்து ஆண்டைக் கடந்தவற்றின் பதிவு 1-4-2023 முதல் புதுப்பிக்கப்படுவதில்லையாதலால், இத்தொல்லை இனிக் குடியானவருக்கே உரியதாகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே கருவி வாங்க வேண்டுமென்பதில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஒரு மல்டிமீட்டரையும், பேட்டரித் திராவகத்தின் கனத்தை அளக்கும் ஒரு குழாயையும் வாங்கிவைத்து உறுப்பினர்க்கு இரவல் கொடுக்கலாம். ஒரு மூட்டை உரத்தின் விலைக்கு மேல் பெரிதாக ஆகாது. பம்புசெட்டு, டிராக்டர் பழுதுபார்ப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில் வண்டி மின்சாரத்திற்கும் ஒரு வேளை ஒதுக்குவதைப் பற்றிக் கிராம அதிகாரிகள் மேலிடத்திற்கு எழுதுவது பயனுடையது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒரு காலைப் பொழுது இவ்வேலைக்குப் போதும். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். மாறிச் செய்தால் ஸ்பானர் சட்டத்திற் பட்டுப் பெரும் பொறி எழும். பேட்டரியினின்று எரியும் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடி கூடாது. முனைகளிற் பூத்த பச்சை வெள்ளைப் பொடியைச் சமையற்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, முடுக்கியபின் மேலே வாஸலின் பூச வேண்டும். யந்திரத்தின் பின்னற்பட்டையைக் கையால் அசைத்துப் பார்த்து, இழை அறுந்திருந்தால் அன்றே புதிது போடுக.