முட்டை ஓட்டின் நிறத்தில் சேவலுக்கும் பாதிப் பங்கு

ஒட்டன்சத்திரம் பகுதி வாசகி ஒருவர், வீட்டைச் சுற்றி 14 சிறுவிடைப் பெட்டைகளும் 2 சேவல்களும் வளர்க்கிறார். அடைக்கு வைத்தது போக மிச்சமாகும் முட்டைகளை உள்ளூர் மளிகைக்கடைக்குக் கொடுக்கிறார். அவருடைய கோழிகள் இடும் முட்டை பெரும்பாலும் வெளிர் சந்தன நிறம். சில முட்டைகள் கிட்டத்தட்ட வெள்ளை. ‘என்னக்கா, பண்ணை முட்டையைக் கலந்துட்டீங்களா?’ என்று கேட்ட கடைக்காரர், போன மாதம் 20 முட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிறம் ஏறும் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வாசகிக்கு அதில் மனம் இல்லை. கோழிகளை விற்றுவிட்டு வேறு ரகம் வாங்கலாமா, இருக்கும் கோழிகளைக் கலப்பு செய்து நிறத்தைக் கூட்டலாமா, அதற்குத் தனித் தீவனம் உண்டா என்பவை அவர் கேள்விகள்.

பதில்: கோழிகளை விற்க வேண்டியதில்லை. ஓட்டின் நிறத்தைக் கூட்ட முடியும். ஆனால், அது தீவனத்தால் நடக்காது, வம்சத்தால்தான் நடக்கும். மூன்று தலைமுறைகள், அதாவது இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம் பிடிக்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாக ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, சுமார் 20 மணி நேரம், ஓடு கட்டுவதற்கே போகிறது. ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அதன் இயல்பான நிறம் வெள்ளை. முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் பழுப்பு நிறமியின் பெரும்பகுதி ஓட்டின் மேல்புறத்தில் படிகிறது. அந்த நிறமிக்கு புரோட்டோபார்ஃபிரின் என்று பெயர். பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தால் வெளுத்திருப்பது இதனால்தான்.

தீவனம் மாற்றுவது மஞ்சள் கருவின் நிறத்தை. மக்காச்சோளம், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மேய்ச்சலில் கிடைக்கும் பச்சை ஆகியவை கருவை ஆரஞ்சு நிறமாக்கும். கிளிஞ்சல் தூள் ஓட்டைக் கெட்டியாக்கும். இவை எதுவும் வெளிர் முட்டையிடும் கோழியைப் பழுப்பு முட்டையிட வைக்காது. இறகின் நிறத்தைப் பார்த்தும் முட்டையின் நிறத்தைச் சொல்ல முடியாது.

பழுப்பு நிறத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தென் அமெரிக்காவின் சிலி நாட்டு அரௌகானா கோழியின் நீல முட்டை இதற்கு நேர்மாறு. அந்த நீலத்துக்கு ஒரே மரபணுதான் காரணம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அது வந்தாலே ஓடு நீலமாகிவிடும். பழுப்பு அப்படி ஒரே தாவில் வராது. அடர் நிற வம்சத்தையும் வெளிர் நிற வம்சத்தையும் சேர்த்தால், மகள் கோழியின் முட்டை இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

சேவலை எப்படி எடை போடுவது?

பலரும் தவறவிடும் இடம் இது. நல்ல நிறத்தில் முட்டையிடும் பெட்டைகளாகப் பொறுக்கி வைப்பார்கள். சேவலை மட்டும் கொண்டை, உயரம், சண்டைக்குணம் பார்த்து வாங்குவார்கள். சேவல் முட்டையிடாது. ஆனால், அதன் மகள்கள் இடும் முட்டையின் நிறத்தில் பாதி அந்தச் சேவல் கொடுத்தது. ஒரு பெட்டையின் குணம் அதன் பத்துப் பதினைந்து குஞ்சுகளோடு நின்றுவிடும். ஒரு சேவலின் குணம் அந்த ஆண்டு பொரிக்கும் எல்லாக் குஞ்சுகளிலும் இருக்கும்.

சேவலை எடை போட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அது எந்த முட்டையிலிருந்து பொரித்தது என்று பார்ப்பது. இது தாய்வழியை மட்டுமே சொல்லும். இரண்டாவது, அதன் கூடப் பிறந்த பெட்டைகள் இடும் முட்டையைப் பார்ப்பது. இதில் தாய்வழி, தந்தைவழி இரண்டும் தெரியும். மூன்றாவது, அதன் மகள்களின் முட்டையைப் பார்ப்பது. இதுதான் உறுதியானது. மகள்கள் நல்ல நிறத்தில் முட்டையிட்டால் அந்தச் சேவலை விற்காமல் இன்னொரு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை: எந்தப் பெட்டை, என்ன நிறம்?

கலப்புக்கு முன்பு இருக்கும் பெட்டைகளைத் தரம் பிரிக்க வேண்டும். முட்டைக்கு நிற்கும் பெட்டையைக் காலையில் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்தால், எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்பது தெரிந்துவிடும். முட்டை மீது பென்சிலால் தேதியும் கோழியின் அடையாளமும் எழுத வேண்டும். கோழியின் காலில் வண்ண வளையம் மாட்டலாம்.

நிறத்துக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் போடலாம். வெள்ளைக்கு 1, சந்தனத்துக்கு 2, பால் தூக்கலான டீ நிறத்துக்கு 4, செங்கல் நிறத்துக்கு 6 என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்கு ஓரிரு முட்டைகளில் துளையிட்டு உள்ளிருப்பதை வடித்துவிட்டு, ஓட்டை மட்டும் மூடிய பெட்டியில் வைக்கலாம். வெளிச்சத்தில் வைத்தால் ஓடு வெளுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஓய்வுக்குப் பின் கோழி இடும் முதல் சில முட்டைகள் அடர்த்தியாக இருக்கும். நாள் போகப்போக நிறம் குறையும். ஆகவே, ஒரு கோழியின் முதல் முட்டையை இன்னொரு கோழியின் பத்தாவது முட்டையோடு ஒப்பிடக் கூடாது. எல்லாக் கோழிகளுக்கும் நான்காவது முதல் ஆறாவது முட்டை வரை பார்த்து மதிப்பெண் போட்டால் கணக்கு நியாயமாக இருக்கும்.

எந்தச் சேவல்?

அடர் முட்டைக்கு உலகப் புகழ் பெற்றது பிரான்ஸின் மேற்குக் கரையோர ஊரான மாரான்ஸின் பெயர் கொண்ட கோழி. அதன் முட்டை சாக்லேட் நிறத்தில் இருக்கும். நெதர்லாந்தின் வெல்சம், பார்னவெல்ட் ஊர்க் கோழிகளும் அந்த வகையே. படத்தைக் காட்டி ‘மாரான்ஸ் முட்டை’ என்று அதிக விலைக்கு விற்பவர்களிடம், தாய்க் கோழியை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது.

நம் ஊர்த் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ரோட் ஐலண்ட் ரெட் போதும். அமெரிக்காவில் உருவான இந்தக் கோழியின் முன்னோரில் மலாய் முதலான ஆசியக் கோழிகளும் உண்டு. நம் வெயிலையும் ஓரளவு தாங்கும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையத்திலோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ எங்கு கிடைக்கும் என்று விசாரிக்கலாம். கிராமப்பிரியா, வனராஜா போன்றவையும் பழுப்பு முட்டையிடும். ஆனால், அவை ஏற்கெனவே கலப்பில் வந்தவை. அவற்றின் குஞ்சுகள் ஒரே சீராக வராது. வம்சம் கட்டுவதற்குத் தூய இனச் சேவலே நல்லது.

மூன்று தலைமுறைத் திட்டம்

*முதல் தலைமுறை:* தரம் பிரித்ததில் அடர்ந்த நிறத்தில் இடும் 6 பெட்டைகளைத் தனியாக அடைக்க வேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். எனவே, 3 வாரம் கழித்துக் கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும். புதுச் சேவலை இரண்டாவது வாரமே உள்ளே விடலாம். அடைக்கு வைக்கும் முட்டை 7 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 21 நாளில் பொரிக்கும் பெட்டைக் குஞ்சுகள் 6, 7 மாதத்தில் முட்டைக்கு வரும். தாய் வம்சம் 2, சேவல் வம்சம் 5 என்று வைத்துக்கொண்டால், இந்த மகள்கள் மூன்றரையை ஒட்டி இருப்பார்கள்.

*இரண்டாம் தலைமுறை:* இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். நிறம் இன்னும் வேண்டும் என்று மறுபடியும் ரோட் ஐலண்ட் ரெட் சேவலையே போடுவார்கள். நிறம் கூடும். ஆனால், கோழியில் முக்கால் பங்கு வெளி இனமாகிவிடும். அடை உட்காரும் குணமும், கீரியையும் பருந்தையும் கண்டால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒளியும் சுறுசுறுப்பும் குறையும். அதற்குப் பதிலாக, கலப்பில் பிறந்த மகள்களைக் கலப்பில் பிறந்த சேவலோடு சேர்க்க வேண்டும். அந்தச் சேவல் வேறு தாய்க்கும் வேறு தந்தைக்கும் பிறந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவர் இதே கலப்பைச் செய்தால் சேவலை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தலைமுறையின் முட்டைகளைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். சராசரி நிறம் கூடியிருக்காது. சில பெட்டைகள் பாட்டியைப் போலச் சந்தன நிறத்திலேயே இடும். ஆனால், சில பெட்டைகள் நாலரை, ஐந்து வரை போகும். அந்தச் சிலவற்றுக்காகத்தான் இத்தனை பாடு. ஆகவே, இந்த முறை குஞ்சுகளை அதிகமாகப் பொரிக்க வேண்டும். 20 பெட்டைகள் இருந்தால் 4, 5 தேறும். மற்றவற்றையும் கூடுதல் சேவல்களையும் கறிக்கு விற்றால் தீவனச் செலவுக்கு ஆகும்.

*மூன்றாம் தலைமுறை:* தேறிய பெட்டைகளில் அடையும் ஒழுங்காக உட்காருபவற்றை மட்டும் வைத்து, நல்ல நிறத்தில் இடும் சகோதரிகளை உடைய வேறு வழிச் சேவலோடு சேர்க்க வேண்டும். இதில் பிறக்கும் பெட்டைகளின் முட்டை பெரும்பாலும் பழுப்பாக, ஓரளவு சீராக வரத் தொடங்கும்.

இவ்வளவுக்கும் நடுவில், 5 சிறுவிடைப் பெட்டைகளையும் ஒரு சிறுவிடைச் சேவலையும் கலப்பில்லாமல் தனியாக வைத்திருப்பது அவசியம். கலப்பு சரியாக வராவிட்டால் திரும்பி வருவதற்கு அதுதான் வழி. எல்லாவற்றையும் கலந்துவிட்டால் பழைய வம்சத்தை எந்த விலை கொடுத்தாலும் வாங்க முடியாது.

கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியது

ஓட்டின் நிறத்துக்கும் முட்டையின் சத்துக்கும் தொடர்பில்லை. நாட்டுக்கோழி முட்டை என்பதற்கும் நிறம் சாட்சி இல்லை. கூண்டில் வளரும் கலப்பினக் கோழிகளும் அடர் பழுப்பு முட்டையிடுகின்றன. சிறுவிடை முட்டை சந்தனமாகவோ வெளிர் பழுப்பாகவோ, கோழிக்குக் கோழி வேறுபட்டு இருப்பதுதான் இயல்பு. கடைக்காரரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, கோழியையும் கூட்டையும் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். தேயிலைச் சாயம் ஒருமுறை பிடிபட்டால், பிறகு உண்மையான முட்டையும் விற்காது. எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்து நிறம் போனால் சாயம் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. இயற்கையான நிறமும் ஓட்டின் மேல்பக்கத்திலேயே இருப்பதால், புளிப்பு பட்டால் அதுவும் கரைந்து வரும்.

கேள்வி: பழுப்பு முட்டையிட்ட கோழிகள் திடீரென்று வெள்ளை முட்டையிடுகின்றன. காரணம் என்ன?

பதில்: ஒரு கோழி மட்டும் என்றால் வயதோ பயமோ வெயிலோ காரணமாக இருக்கலாம். நாய் துரத்தினாலும் கூட்டில் செல் பிடித்தாலும் நிறம் குறையும். பல கோழிகள் ஒரே வாரத்தில் வெளுத்த முட்டையிட்டு, ஓடு மெலிந்து, எண்ணிக்கையும் குறைந்தால் அது நோயின் அறிகுறி. வெள்ளைக்கழிச்சலும் சில மூச்சுக்குழல் நோய்களும் இப்படிச் செய்யும். உடனே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தக்கழிச்சலுக்குத் தரப்படும் நிகார்பசின் மருந்தும் நிறத்தை எடுத்துவிடும். மருந்தை நிறுத்திய சில நாளில் நிறம் திரும்பும்.

கேள்வி: கடக்நாத் சேவலைப் போட்டால் முட்டை கறுப்பாகுமா?

பதில்: ஆகாது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழியான கடக்நாத்துக்குத் தோல், கறி, எலும்பு வரை கருமை உண்டு. அதன் முட்டை மட்டும் வெளிர் பழுப்பு அல்லது சந்தன நிறம்தான். கறுப்பு முட்டை என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.