எட்டு வீடு வரை யாரும் பொறுப்பில்லை

பணி நிறைவுச் சான்றிலிருந்து மூன்று வீடுகள் வரை இருந்த விலக்கைத் தமிழ்நாட்டில் எட்டு வீடுகள் வரை நீட்டியாயிற்று. 750 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 8,070 சதுர அடிக்குள், எட்டு வீடு கட்டி விற்பவர் இனி பணி நிறைவுச் சான்று வாங்க வேண்டியதில்லை. மின் இணைப்புக்கு அந்தச் சான்று தேடும் அலைச்சல் மிச்சம், மக்களுக்கு நிம்மதி என்கிறார்கள். கட்டி விற்பவருக்கு நிம்மதிதான். வாங்கிக் குடிபோகிறவரைப் பற்றி இந்த முடிவில் ஒரு வரியும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 8,070 சதுர அடியை எட்டாகப் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரம் சதுர அடி. சென்னையின் புறநகரில் இரண்டு கிரவுண்டு மனையில் எழும்பும், கடன் வாங்கி நடுத்தரக் குடும்பம் குடியேறும், இரண்டு படுக்கையறை வீடு அதுதான். விலக்கு அளந்து தைத்தது போலப் பொருந்துகிறது.

புது வீட்டில் குறை வந்தால் யார் சரிசெய்வது என்பதற்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு தெளிவாகப் பதில் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ, வசதிகளிலோ குறை தெரிந்து, அதைச் சொல்லிவிட்டால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டத்துக்குப் பதிவே வேண்டாம் என்கிறது. அங்கும் எட்டு, இங்கும் எட்டு. பதிவு இல்லாத கட்டடத்துக்காக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை நாடுகிறவர், ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன், தன் வீடு அந்த ஆணையத்தின் வரம்பில் வருமா என்றே வாதாட வேண்டியிருக்கும்.

ஓதம் முதல் மழையில் தெரியும். குளியலறைத் தளம் ஒழுகுவது கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போது தெரியும். சன்ஷேடில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு வெடிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். பில்டரோ, "ஒரு வருஷம் பார்த்துக் கொடுத்தாச்சே சார்" என்பார். ஒப்பந்தத்தில் அவர் எழுதிய ஓராண்டு, சட்டம் தந்த ஐந்தாண்டை வெட்டாது என்பது வாங்கியவருக்குத் தெரிவதில்லை. தெரிந்து கேட்டாலும், மனையில் பிரிக்கப்படாத பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று எழுதி வைத்திருப்பதை எடுத்துக் காட்டி, "நான் வெறும் கான்ட்ராக்டர்" என்று ஒதுங்குவார். குழாய்க்கும் மோட்டாருக்கும் அந்தந்தக் கம்பெனி வாரண்டிதான் என்பது கடைசிப் பதில்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே கெடு இரண்டு ஆண்டுகள். குறையை நிரூபிக்கப் பொறியாளர் அறிக்கைக்கும் வாங்கியவர்தான் செலவழிக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று கான்கிரீட்டின் வலுவைச் சோதித்துத் தருவதல்ல, உண்மைதான். அனுமதித்த வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிட்டு ஓர் அதிகாரி போடும் கையெழுத்து, அவ்வளவே. அந்த ஒரு கையெழுத்தும் இனி இல்லை.

முடிவெடுக்கும் இந்த மேசைகளின் பழைய கணக்கு ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. 1999 பிப்ரவரி 28-க்கு முந்தைய விதிமீறல் கட்டடங்களை வரன்முறை செய்ய நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதும் அடங்கவில்லை, 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கென்று 113-சி பிறந்தது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்து 61 உயிர்களைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டடம் அனுமதி வாங்கிய கட்டடம். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கை வைத்ததும் சுவர்ப்பூச்சு உதிர்ந்த வீடுகளைக் கட்டிக்கொடுத்ததே அரசு வாரியம்தான். ஐஐடி வல்லுநர்களை அழைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. தாம் கட்டிய சுவரையே சரியாகப் பார்க்காதவர்கள், அடுத்தவர் கட்டும் சுவரைப் பார்க்கும் வேலையையும் இப்போது கழற்றிவிட்டிருக்கிறார்கள். இதற்கு எளிமைப்படுத்தல் என்று பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

பதிவுக்கான எட்டு என்ற வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை மத்திய ரியல் எஸ்டேட் சட்டமே மாநிலத்துக்குத் தந்திருக்கிறது. கட்டுமானக் காப்பீட்டுக்கும் அதில் இடம் உண்டு. வரம்பைக் குறைப்பார்களோ, காப்பீட்டைக் கட்டாயமாக்குவார்களோ, வேறு வழி காண்பார்களோ, சிறு கட்டடத்தில் வீடு வாங்குகிறவருக்கும் ஐந்தாண்டுப் பொறுப்பு எழுத்தில் கிடைக்க ஏதாவது ஓர் ஏற்பாட்டை அரசு அடுத்த மழைக்குள் செய்தாக வேண்டும்.