கழுவுகிறோம், பார்ப்பதில்லை

"ஐந்து வேளையும் ஒளுச் செய்கிறோம்; எங்கள் பாதங்களுக்கு என்ன குறை வந்துவிடும்?" உடல் கனத்த ஒருவரிடம் காலைக் கவனிக்கச் சொன்னால் பெரும்பாலும் இந்த விடைதான் வருகிறது. இதை ஈமானின் உறுதி என்று மெச்சுவோரும் உண்டு. அது உறுதியன்று, அசட்டை.

கால்களைக் கணுக்கால் வரை கழுவுவது ஒளுவின் கடமை. குதிகால் நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். கோத வேண்டுமானால் கை பாதத்தைத் தொட வேண்டும். நாம் செய்வது என்ன? குழாயைத் திறந்து, காலை நீட்டி, ஒரு காலால் மற்றதைத் தேய்த்துவிட்டு ஸஃப்பில் போய் நிற்கிறோம். ஒளு நிறைவேறியிருக்கலாம். வயிறு மறிப்பதால் குனிய இயலாதவர் தம் உள்ளங்காலைக் கண்டு எத்தனை ஆண்டுகளாயின என்பது அவருக்கே தெரியாது.

எடை கூடக் கூடப் பாதத்தின் வளைவு தாழ்கிறது. குதிகால் வலிக்கிறது, தோல் தடித்து வெடிக்கிறது. நெருங்கிய விரல்களுக்கிடையே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வருகிறது. ஐந்து முறை நனைத்து ஒருமுறையும் துடைக்காத கால், நனைக்காத காலைவிட இதற்கு எளிதாக இடங்கொடுக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் சொல்லவே வேண்டாம்.

இவற்றோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால்தான் பேராபத்து. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் அந்நோய் உள்ளதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அது நரம்புகளைக் கெடுத்தால் பாதம் மரத்துப்போகும். வேலூரில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய புண்களுக்குப் பெருங்காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலி தெரியாமையே என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே கணக்குத்தான். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் நண்பகலில் எப்படிச் சுடும் என்பதை நம் ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்ட பிறகே வீட்டார் அறிவார்கள். அப்போது பேச்சு விரலை எடுப்பதா, முழங்காலுக்குக் கீழே எடுப்பதா என்பதாக இருக்கும். இந்நிலையில் வெந்நீரில் கால் வைப்பதும் ஆணியைப் பிளேடால் சீவுவதும் கைவைத்தியமா?

பருத்தவரைக் கேலி செய்வதால் அவர் இளைப்பதில்லை. மருத்துவரிடம் போக வெட்கப்படுகிறார், அவ்வளவுதான். நாற்காலியில் தொழுபவரை ஏளனமாகப் பார்க்கும் பெரியவர்களே, நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகை நீங்கள் கொடுத்ததன்று. இருப்பில் உடலின் பாரமெல்லாம் காலின் மேற்புறத்திலும் கணுக்காலிலும் இறங்குகிறது. பலருக்கு அங்கே காய்ப்பு இருப்பதன் காரணம் அதுவே. மரத்த காலில் அந்தக் காய்ப்பும் புண்ணாகலாம்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். அடுப்படியின் வெறுந்தரையில் நாள் முழுதும் நிற்பவளின் கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்ட கணவர் எத்தனை பேர்? உடல் அமானிதம் என்று மேடையில் முழங்குவது எளிது. இரவில் மனைவியின், தாயின் உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்து, விரலிடுக்கை உலரத் துடைத்து, வெடிப்பில் எண்ணெய் தடவிவிட இரண்டு நிமிடம் போதும். இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். செருப்பை மாலையில், கால் வீங்கியிருக்கும் வேளையில் அளவு பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கொரு முறையாவது மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். சிறு புண்ணானாலும் அன்றே காட்ட வேண்டும்.

பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிக்கப் பணம் திரட்டும் ஜமாஅத்துகளிடம் ஒரு கேள்வி. ஒளுச் செய்யுமிடத்தில் கனத்த ஒருவர் அமர்ந்து காலைத் தூக்கிக் கழுவும் உயரத்தில் எத்தனை இருக்கைகள் உள்ளன? எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி உண்டா? இரண்டும் பளிங்கின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை யார் கேட்கப் போகிறீர்கள்?