பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல்... ஆனாலும் சர்க்கரை நோயாளிகள் ஏன் கவனிக்கணும்?

டெங்கு சீசன் வந்தால் போதும், செங்கல்பட்டு டீக்கடைகளில்கூட ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்ற பேச்சு அடிபடும். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீடே பதறும். சர்க்கரை நோயில் நடப்பது வேறு. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தட்டணுக்களின் குணம்தான் மாறியிருக்கும்.

காயம்பட்ட இடத்தில் ஒட்டி, கூட்டம் சேர்த்து, ரத்தக்கசிவை அடைப்பதுதான் தட்டணுக்களின் வேலை. மற்ற நேரத்தில் அவை சும்மா மிதந்து போக வேண்டும். ரத்தக்குழாயின் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடும், இன்சுலினும் அவற்றை அடக்கி வைக்கின்றன. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடினால் இந்தப் பிடி தளர்கிறது. போதாக்குறைக்கு, தட்டணுவின் மேலுறைப் புரதங்களிலும் சர்க்கரை படிகிறது. பிறகு சின்னத் தூண்டலுக்கே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

காலில் அடைத்தால்? மாமல்லபுரம் கடற்கரையில் மதிய வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருப்பார்கள். நரம்பு மரத்த பாதத்துக்கு மணலின் சூடு தெரியாது. கொப்புளம் வந்தாலும், ரத்தம் சரியாகப் போகாத காலில் அது சீக்கிரம் ஆறாது. உணர்விழந்த பாதம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. தொழுநோயாளிகளின் பாதங்களைக் காத்த எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள்.

‘அப்போ தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?’ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆரம்பிப்பவர்கள் இதைப் படிக்கவும். இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ‘அசென்ட்’ ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவிகிதம் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவுகள் 29 சதவிகிதம் கூடின. லாபமும் நஷ்டமும் கிட்டத்தட்ட சமம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

சர்க்கரையோடு ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் கட்டுக்குள் வைப்பதும், புகையை விடுவதும் ரத்தக்குழாயைக் காக்கும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறதா? ஒரு பாதம் மட்டும் சில்லிட்டிருக்கிறதா? அடுத்தமுறை மாத்திரை வாங்கப் போகும்போது பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் வைத்துப் பார்ப்பதுதான், சில நிமிடங்கள்கூட ஆகாது.