போர் போயிடுச்சு சார்!

பதிவு நீளம்தான். வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பைக் வைத்திருப்பவர்களாவது முழுதாகப் படியுங்கள். காசு மிச்சமாகும்.

என் வண்டி உங்களில் பலருக்குத் தெரியும். 2004-ல் வாங்கிய நூறு சிசி, நாலு கியர், கார்புரேட்டர் வண்டி. பள்ளி வேப்பமரத்தடியில் நிற்குமே, அதேதான். போன தை மாதம் பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சிறுமலை ஏறினேன். முன்பெல்லாம் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவதிலும் திணறியது. "தாத்தா, நான் இறங்கி நடந்து வரட்டுமா?" என்று கேட்டான் பொடியன். அவமானமாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இது அன்றைக்கு வந்த நோய் இல்லை. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்திருக்கிறது. தினமும் அதே வண்டியை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் கை தானாகவே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிப் பழகிவிடும்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றவில்லை. ஸ்டார்ட் பண்ணி இரண்டு முறை முறுக்கினார். "போர் போயிடுச்சு சார். பிஸ்டன் செட் மாத்தணும், ஒம்போதாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். முழுசாக அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் மாப்பிள்ளை, "எதுக்கு மாமா செலவு பண்றீங்க? எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு எடுத்துக்கலாம்" என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் நண்பர்கள், "எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்யிற வேலை" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மூன்று தீர்ப்பு. சோதனை ஒன்றுகூட இல்லை. என் கோபம் இதில்தான்.

எத்தனால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நூற்றுக்கு இருபது கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். மைலேஜ் கொஞ்சம் இறங்கலாம். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கவனிக்க வேண்டியதும் உண்மை. ஆனால் மலையில் ஒரு கியரையே விழுங்கும் அளவுக்கு அது காரணமாகாது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் பழி போடக் கூடாது.

இழுவை குறைந்தால் இன்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை. செலவில்லாத சோதனைகள் முதலில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

1. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்ததும் பிரேக் டிரம்மில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. காற்று அழுத்தம், செயின் இறுக்கம் இரண்டையும் பாருங்கள்.

2. மேட்டில் டாப் கியரில் முறுக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் நழுவுகிறது. பிளேட்டை மாற்றும் முன் கிளட்ச் லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தாலே நழுவும்.

3. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மூச்சு வாங்குகிறதா? டாங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி நன்றாக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குண்டூசியால் தீரும் வியாதி.

4. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகினால் கார்புரேட்டருக்குள் ஸ்லைடு முழுதும் ஏறுகிறதா என்றும் பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் நீங்கள் முழுசாகத் திருகினாலும் அது முக்கால்தான் திறக்கும்.

5. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதுதான் வண்டியின் நாக்கு. இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் காற்று குறைவு அல்லது பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டுமே ரிங் மேலும் வால்வு சீல் மேலும் சந்தேகம் வர வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தேன். ஃபில்டர் அழுக்கு, மாற்றியதும் கொஞ்சம் தேறியது, முழுதாக இல்லை. அப்போதுதான் ஐ.டி.ஐ. படித்து வெளியூரில் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். "சார், போர் போச்சா போகலையான்னு அளந்து பாத்துட்டே சொல்லலாம்" என்று ஒரு கம்ப்ரஷன் கேஜோடு வந்தார்.

பிளக் இருந்த துளையில் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, ஆறேழு முறை கிக்கரை மிதித்தார். முள் 80-ல் நின்றது. குறைவுதான். பிறகு அதே துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி மிதித்தார். 85. "ரிங்கும் போரும் தேஞ்சிருந்தா ஆயில் அந்தச் சந்தை அடைச்சு முள்ளு நல்லா ஏறியிருக்கும் சார். ஏறல. கசிவு வால்வுல இருக்கு."

டேப்பட் மூடியைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லை. தாள் கனம்கூட இல்லை. வால்வும் அது உட்காரும் இடமும் தேயத் தேய, வால்வு மேலே ஏறி அந்தச் சந்தைத் தின்றுவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தார். மறுபடி மிதித்தால் 140. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் வால்வு கருகி, ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும் என்றார்.

இதில் என் குற்றமும் உண்டு. இரண்டு வருடம் முன் டேப்பட் லேசாகக் கிடுகிடுத்ததற்கு, "சத்தமே இல்லாம பண்ணிக் குடுப்பா" என்று ஒரு பட்டறையில் கேட்டவன் நான்தான். அவரும் கேட்டபடி இறுக்கிக் கொடுத்தார். லேசான டேப்பட் சத்தம் ஆரோக்கியம். சத்தமே இல்லாத டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நாமும் யோக்கியர்கள் இல்லை. பிஸ்டனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், அரை மணி நேரம் நோயைத் தேடியதற்கு இருநூறு ரூபாய் கேட்டால், "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?" என்போம். தேடுவதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்குத்தான் கூலி என்றால் அவர் எதைச் செய்வார்? நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் வழி எது என்ற வரிசையை வள்ளுவர் 948-ஆம் குறளில் வைத்திருக்கிறார். நாம் மூன்றாவதற்கு மட்டும் காசு கொடுக்கிறோம்.

ஓய்வூதியக்காரன் எனக்கு ஒன்பதாயிரம் தாங்கும். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் போர் வேலை பார்த்தார். அப்புறமும் இழுக்கவில்லை. போன வாரம் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. பின் பிரேக். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆறாம் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன். எட்டாம் வகுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனான். "கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினேன். மார்க் குறையக் குறையப் பின் பெஞ்சுக்குத் தள்ளியதும் நான்தான். பிறகு பள்ளிக்குக் கண் மருத்துவ முகாம் வந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று. அதற்குள் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, அவன் வேலைக்குப் போய்விட்டான். ஆசிரியப் பயிற்சி முடித்த நானும் அந்த அரை நிமிட மெக்கானிக்தான். தம்பி, இதை நீ படிக்க நேர்ந்தால் என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது "போர் போயிடுச்சு" என்றால், "கம்ப்ரஷன் பாத்தீங்களா? ஆயில் விட்டுப் பாத்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பார்த்துச் சொன்னால், எதையும் மாற்றாவிட்டாலும் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.

நேற்று மறுபடி சிறுமலை போனோம். மூன்றாவது கியரில் ஏறியது. பேரன் இறங்கவில்லை.

தவறிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பட்டறை வைத்திருக்கும் மாணவர்கள் கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும்.