பண்பலையின் மாடி அறை காலியாக இருக்கிறது

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் இருந்தவர்களுக்கு அந்த மழையை நினைவூட்ட வேண்டியதில்லை. காற்றும் மழையும் விடிய விடிய ஓயவில்லை. நள்ளிரவு தாண்டியதும் மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்டது. அந்தப் புயல் மழை ஏழு உயிர்களைக் கொண்டுபோனது.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிகளில் பேட்டரி குறைந்துகொண்டே வந்தது. அப்பா பழைய பேட்டரி வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு, எந்தச் சாலை மூழ்கிவிட்டது, எந்த மண்டபத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே காது மந்தமாகிவிட்டது. ஆனால் கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை விடாமல் படிப்பார். அதனால் அப்பா சொல்லச் சொல்ல, நான் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, டார்ச் லைட் அடித்துப் பாட்டிக்குக் காட்டினேன். அன்று இரவு பதினோரு தாள்கள் தீர்ந்தன.

இப்போது பல்கலைக்கழகத்தில் தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்கிறேன். அன்று நான் செய்த வேலையை வானொலியே செய்ய முடியும், அதற்கான வழி 1980களிலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்பதை இரண்டாம் ஆண்டு விரிவுரை ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கடை, எல்லாரும் பார்ப்பது அதைத்தான். மேலே ஒரு மாடி இருக்கும், அதில் யாராவது வாடகைக்கு இருப்பார்கள். ஒரு பண்பலை நிலையம் அனுப்பும் அலையும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸ் வரை நாம் கேட்கும் பேச்சும் பாட்டும். 19 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைக் கம்பி போல ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை. 23 முதல் 53 வரை, இடது காதுக்கும் வலது காதுக்கும் உள்ள வேறுபாடு. ஸ்டீரியோ ஒலி கிடைப்பது இதனால்தான். அதற்கு மேலே ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. அங்கே தனியாகச் சிறு அலைகளை ஏற்றி, அவற்றின் மேல் வேறு சரக்கை வைத்து அனுப்பலாம். இவற்றைத் துணை ஊர்தி அலைகள் என்கிறோம். சாதாரண வானொலிப் பெட்டி இந்தப் பகுதியைக் கண்டுகொள்ளாது, கேட்பவருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை.

காரில் வானொலியைப் போட்டால் திரையில் நிலையத்தின் பெயர் ஓடுகிறதே, அது மாடியிலிருந்துதான் வருகிறது. ஆர்.டி.எஸ். என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984இல் இதற்கு விதிமுறை வகுத்தது. இதன் துணை ஊர்தி அலை 57 கிலோஹெர்ட்ஸ், அதாவது 19இன் சரியாக மூன்று மடங்கு. வேகம் விநாடிக்கு 1187.5 பிட்தான், பிழை திருத்தத்துக்குப் போக மிஞ்சுவது 730 பிட் அளவு. ஒரு புகைப்படம் அனுப்பக்கூட ஆகாது. ஆனால் ஒரு வரி எழுத்துக்குத் தாராளம். கோலாலம்பூரில் 96.3இல் கேட்ட மின்னல் பண்பலை, நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது வேறு எண்ணுக்கு மாறுகிறதல்லவா? நிலையம் மாற்று அலைவரிசைகளை ஆர்.டி.எஸ். வழி அறிவித்தால் கார் வானொலி தானாகவே மாற்றிக்கொள்ளும். அபாய அறிவிப்புக்கென்று 31ஆம் எண்ணையும், அதைச் சோதித்துப் பார்க்க 30ஆம் எண்ணையும் அந்த விதிமுறை ஒதுக்கிவைத்திருக்கிறது.

இந்த மாடி அறையை உலகம் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் 1955இலேயே துணை ஊர்தி அலைகளுக்கு அனுமதி கிடைத்தது. முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை விற்றவர்கள். பிறகு 1969 ஜனவரியில் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சேவை தொடங்கியது. தன்னார்வலர்கள் நாளிதழையும் நூல்களையும் வாசிப்பார்கள். அது துணை ஊர்தி அலையில் போகும். பார்வையற்றவர்களுக்கு அதை மட்டும் பிடிக்கும் வானொலிப் பெட்டியை இரவலாகக் கொடுப்பார்கள். விற்கவில்லை, இரவல் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இதைப் பார்த்துப் பல மாநிலங்களில் இதே போன்ற சேவைகள் வந்தன.

இன்னொன்று நம் ஆட்களின் கதை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன தமிழர்கள் டொராண்டோவில் பெருகினார்கள். அவர்களுக்கென்று தனி அலைவரிசை கிடையாது. ஆகவே வேறு பண்பலை நிலையங்களின் துணை ஊர்தி அலைகளை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஒலிபரப்பை நடத்தினார்கள். கேட்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு சிறப்புப் பெட்டி வேண்டும். வாங்கினார்கள். ஊர்ச் செய்தி தெரிய வேறு வழியில்லாதபோது ஒரு பெட்டிக்குக் காசு கொடுக்க மனம் வந்தது. 2004இல் 101.3 அலைவரிசையில் தமிழுக்குப் பெரும் பங்கு தரும் ஒரு பல்லின வானொலி முழு உரிமத்தோடு அங்கே ஒலிக்கத் தொடங்கியது. அதற்கு முன் வந்த ஆண்டுகளில் மாடி அறைதான் அவர்களைத் தாங்கியது.

இனி எதிர்ப்பக்கம். அதே 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் பண்பலைத் துணை ஊர்தி அலை வழியே வானிலை, செய்தி, பங்கு விலை எல்லாம் வரும் கைக்கடிகாரங்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இணையத்தோடு கூடிய கைப்பேசிகள் வந்ததும் அதை யாரும் சீந்தவில்லை. 2012 ஜனவரி முதல் நாளோடு சேவை நின்றுபோனது. உலகப் பெரு நிறுவனத்தின் பணமும் பெயரும் இருந்தும் தோற்ற திட்டம், கையில் காசில்லாத வாசிப்புச் சேவை செய்ததைச் செய்ய முடியவில்லை. காரணம் தொழில்நுட்பம் அல்ல என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் விற்கப் பார்த்தது ஒன்று. யாருக்குத் தேவை என்று தெரிந்து அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது மற்றொன்று.

‘எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது, இந்தப் பழைய வானொலி எதற்கு?’ என்று கேட்பீர்கள். நானும் பாடலைக் கைப்பேசியில்தான் கேட்கிறேன். ஆனால் ஒரு கைப்பேசிக் கோபுரம் பார்த்துக்கொள்வது சுற்றியுள்ள சிறு வட்டாரத்தை மட்டுமே. மின்சாரம் போனால் அதன் மாற்று பேட்டரி சில மணி நேரம் தாங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் நெரிசலும் வரும். மலை உச்சியில் நிற்கும் ஒரு வானொலிக் கோபுரத்துக்குக் கேட்பவர் பத்துப் பேரா, பத்து இலட்சம் பேரா என்ற கணக்கே இல்லை. இதை உணர்ந்துதான் இந்தியாவின் தகவல் தொழில்நுட்ப அமைச்சு 2023இல், கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்கிவைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பேரிடர் நேரத்தையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டியது.

நேர்மையாகச் சொன்னால், காற்று எதிர்த்திசையிலும் அடிக்கிறது. நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் பண்பலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் தன்னுடையதை நிறுத்தியது. நாளை இங்கும் அந்தப் பேச்சு வரலாம். வருவதற்குள் இருப்பதைப் பயன்படுத்துவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

பினாங்கில் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. காது கேளாதோருக்கான நாட்டின் முதல் பள்ளி 1954இல் இங்கேதான், தஞ்சோங் பூங்காவில் தொடங்கியது. பினாங்கு சைகை மொழி அங்கு படித்த மாணவர்களிடையே வளர்ந்தது. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு வந்த செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லமும் இதே ஊரில் இருக்கிறது. அதாவது, யாருக்குப் பெட்டியை இரவல் கொடுப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அதன் பிறகு நாட்டின் கடற்கரைகளில் அபாயச் சங்குகள் பொருத்தப்பட்டன. காது கேளாதவருக்குச் சங்கு எதற்கு?

காது கேளாதவருக்கு வானொலியா என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். 2013-14இல் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஐந்து மாநிலங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. அபாய அறிவிப்பு பண்பலை வழியே எழுத்தாக வந்து சிறு திரையில் தெரியும். தூங்கிக்கொண்டிருந்தால் படுக்கையை அதிரவைக்கும் கருவி எழுப்பிவிடும்.

எழுத்து என்றதும் நமக்கு ஒரு சிக்கல் வருகிறது. ஐரோப்பாவில் வரைந்த ஆர்.டி.எஸ். எழுத்து அட்டவணையில் ரோமன் எழுத்து உண்டு. கிரேக்கம், சிரில்லிக், அரபு, எபிரேயம் ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். தமிழ் இல்லை, சீனமும் இல்லை. நிலையத்தின் பெயருக்கு எட்டு எழுத்து. ‘மின்னல் எஃப்எம்’ என்பதை ரோமனில் எழுதினால் அளவெடுத்தது போல எட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் பாட்டிக்கு அது வெறும் கோடுகள்.

2018இல் வந்த புதிய விதிமுறைகளில் யூனிகோடுக்கு வழி பிறந்திருக்கிறது. நிலையத்தின் பெயருக்கு 32 பைட். செய்திக்கு 128 பைட். கணினியில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிதான். ‘மின்னல்’ என்றால் ஏழு குறி, 21 பைட், உள்ளே வந்துவிடும். ‘மின்னல் பண்பலை’ என்றால் இடைவெளியோடு 40 பைட், வராது. இந்தக் கணக்குக்கு நம்மைத் தவிர வேறு யாரும் உட்காரமாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தோன்றும் வழி பெரியதல்ல. ஆர்.டி.எம். பொது நிறுவனம், விளம்பர வருமானத்தை நம்பி மட்டும் ஓட வேண்டியதில்லை. அது பினாங்கில் ஒரே ஒரு நிலையத்தில், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் அபாயச் செய்தியை எழுத்தாக விட்டுப் பார்க்கலாம். அனுப்பும் பக்கத்தில் புதிய கோபுரம் தேவையில்லை. இருக்கும் 57 கிலோஹெர்ட்ஸ் அலையே போதும். தலைவலி வாங்கும் பக்கத்தில்தான்: தமிழைக் காட்டும் பெட்டி இப்போது நம் கடைகளில் கிடைக்காது. எனவே கடையை நம்பாமல், சில நூறு பெட்டிகளைச் செய்து இரவல் கொடுக்க வேண்டும். செய்வதற்கு இங்கே பொறியியல் மாணவர்கள் இருக்கிறோம், இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டு. தொலைத்தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது, பெட்டி செய்வதைவிடக் கடினமாக இருக்கலாம்.

நூறு ரிங்கிட்டுச் சொச்சத்துக்கு ஒரு யுஎஸ்பி வானொலிக் குச்சி வாங்கி மடிக்கணினியில் செருகினால், பண்பலையின் மாடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. 19இல் ஊசி போல ஒரு கோடு நிற்கும். 57இல் சிறு மேடு தெரியும். நான் பார்த்த நிலையங்களில் அதற்கு மேலே வெறும் இரைச்சல்தான்.

போன வாரம் பாட்டியை அதன் முன்னால் உட்காரவைத்தேன். 128 பைட்டுக்குள் என்ன எழுதலாம் என்று காட்ட, ‘வெள்ளம். மேட்டுப் பகுதிக்குச் செல்லுங்கள்.’ என்று தட்டினேன். 116 பைட். எனக்குப் பெருமையாக இருந்தது. பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“எந்த ஊருல வெள்ளம்னு போடலியேம்மா?”

ஊர்ப் பெயரைச் சேர்த்தால் அளவு தாண்டிவிடும் என்றேன், சத்தமாக, இரண்டு முறை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பகுதி எதுக்கு? செல்லுங்கள் எதுக்கு?” என்று கேட்டு வாக்கியத்தை மாற்றச் சொன்னார். ‘ஜெலுத்தோங்கில் வெள்ளம். மேட்டுக்குப் போங்கள்.’ எண்ணிப் பார்த்தேன். 125 பைட். இன்னும் ஒரு குறிக்கு இடமிருந்தது.