மூன்று கடைக்காரர்களும் ஒரு மூட்டையும்

2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.8-இல் சேர்க்கப்பட்டவற்றைவிட நீக்கப்பட்ட ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த 'ஸ்லாப்' என்னும் நினைவகப் பங்கீட்டு நிரல் அதில் விடைபெற்றது.

கணினியின் நினைவகம் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகக் கெர்னலுக்குக் கிடைக்கிறது. ஆனால் அன்றாடத் தேவையோ நூறு, இருநூறு பைட்தான். மளிகைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து ஒரே அளவுப் பொட்டலங்களாகக் கட்டி வைப்பதுபோல, பக்கங்களை முன்கூட்டியே பிரித்து வைப்பதே தீர்வு. சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994-இல் எழுதிய கட்டுரை இதற்கு வழிகாட்டியது.

லினக்ஸில் இதே வேலைக்கு மூவர் இருந்தனர். மூத்தவர் ஸ்லாப். குறைந்த நினைவகமுள்ள சிறு கருவிகளுக்காக 2006-இல் வந்தவர் 'ஸ்லோப்'. 2007-இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதியது 'ஸ்லப்'. ஆயிரம் செயலிகள் கொண்ட இயந்திரங்களில் ஸ்லாபின் வரிசைகளுக்கே பல கிகாபைட் போய்விடுகிறது என்பது அவர் வாதம்.

மூவரை வைத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? புது வசதி ஒவ்வொன்றையும் மூவருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். முடியாதவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களும் அவருக்காகத் தாழ வேண்டும். தனித் தொகுப்பிலிருந்து எடுத்த துண்டைப் பொதுவான 'கேஃப்ரீ' கட்டளையால் திருப்பித் தர ஸ்லோப் இடம் கொடுக்கவில்லை. அந்தத் துண்டின் அளவு அதனிடம் குறித்து வைக்கப்படவில்லை. ஆகவே கெர்னல் முழுவதும் அந்த வசதியை இழந்திருந்தது.

ஆனால் 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று யார் சொல்வது? சிறு கருவிக்காரர்களின் குரல் பெரிய நிறுவனங்களின் இரைச்சலில் கேட்பதில்லை. இங்கே நடந்த முறை பாராட்டத்தக்கது. முதலில் 6.2-இல் ஸ்லப்பிற்கே ஒரு சிக்கன வடிவம் தந்தார்கள். ஸ்லோப், ஸ்லாப் ஒவ்வொன்றையும் நீக்குவதற்கு முன் 'கைவிடப்படுவது' என்று பெயரிலேயே அறிவித்து, மறுப்புச் சொல்ல அவகாசம் கொடுத்தார்கள். பிறகே 2023-இல் 6.4-இல் ஸ்லோப் போயிற்று. அடுத்த ஆண்டு ஸ்லாப்.

நீக்குவதற்கும் ஒரு நாகரிகம் உண்டு: மாற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பழையதை எடுப்பது. இத்தனைக்கும் பிறகு, எஞ்சிய நிரலின் பொதுக் கோப்புகள் இன்றும் 'ஸ்லாப்' என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆள் போய்விட்டார், கடைப் பலகையை யாரும் மாற்றவில்லை.